உண்ணிச்செடியை வைத்து ஒரு பிஎச்.டி. திட்டமிடுவது எப்படி: சூழலியல், பரிணாமம், பாதுகாப்பு, வள மேலாண்மை நான்கும் சேரும் ஆய்வுக்கு ஒரு வழிகாட்டி

சூழலியல், பரிணாமவியல், இயற்கைப் பாதுகாப்பு, வள மேலாண்மை எல்லாம் ஒரே பட்டத்துக்குள் வரும் ஆய்வுப் படிப்புக்கு இந்தியாவிலேயே இன்று நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் சேர்ந்தவர்களில் பலர் மூன்றாம் ஆண்டில் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். காட்டில் அளந்த தரவு ஒரு கோப்பில் இருக்கும், ஊர் மக்களிடம் எடுத்த பேட்டிகள் இன்னொரு கோப்பில் இருக்கும், இரண்டையும் சேர்க்க வழி இருக்காது. கடைசி அத்தியாயத்தில் "ஆகவே மக்கள் பங்கேற்பு அவசியம்" என்று ஒரு பத்தி எழுதி முடித்துவிடுவார்கள்.

துறைகளைச் சேர்க்கும் வேலை கடைசி அத்தியாயத்தில் நடக்காது. கேள்வியை அமைக்கும்போதும், எதை ஓர் அலகாக எடுத்து அளப்பது என்று முடிவு செய்யும்போதும் நடக்க வேண்டும். இது விளங்க ஒரே ஓர் ஆய்வுப் பொருளை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்: முதுமலைப் பகுதியில் உண்ணிச்செடி.

ஏன் உண்ணிச்செடி

உண்ணிச்செடியின் அறிவியல் பெயர் லன்டானா கமாரா; அது வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்கு வந்தது. இங்கே காட்டில் நிற்பது பல இனங்களும் தோட்ட ரகங்களும் கலந்து உண்டான கலப்புக் கூட்டம். அதன் இலை கால்நடைக்கு நஞ்சு. புள்ளிமானும் காட்டெருமையும் பெரும்பாலும் அதைத் தின்பதில்லை. பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புகின்றன. வெட்டினால் தூரிலிருந்து மீண்டும் தளிர்க்கிறது.

மனிதர் பக்கமும் இதில் வலுவாக இருக்கிறது. பக்கத்திலுள்ள பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகப் பழங்குடியினர், கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு இடும் சிறு நெருப்பு நின்றுபோனதுதான் உண்ணிச்செடி பெருகக் காரணம் என்கிறார்கள். அந்தக் காடு 1974இல் சரணாலயமான பிறகு அந்த வழக்கம் தடுக்கப்பட்டது. 1997இலும் 2008இலும் அங்கே நடந்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால், ஆய்வுக்காகக் குறித்த சதுர நிலப்பகுதிகளில் உண்ணிச்செடி இருந்தவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டித்திருக்கிறது. மாதேஸ்வரன் மலையில் அதே செடியின் தண்டை வேகவைத்து, தோலுரித்து, நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஆக, ஒரே புதரைப் பற்றித் தாவரவியலாளரும், மரபியலாளரும், வனச்சரகரும், மாடு மேய்ப்பவரும் ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம். இப்படி நான்கு பக்கமும் உண்மையிலேயே கேள்வி இருக்கும் பொருளைத்தான் தேட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேள்வி இருந்து, மற்ற மூன்றும் விண்ணப்பத்துக்காக ஒட்டவைத்தவை என்றால் அதை ஒரே துறையில் செய்துவிடுவதே நல்லது.

தலைப்பைக் கேள்வியாக்குதல்

"முதுமலையில் உண்ணிச்செடியின் சூழலியல் மற்றும் சமூகப் பொருளாதாரத் தாக்கம்" என்பது கேள்வி இல்லை. இதற்கு எந்தப் பதில் வந்தாலும் சரியாகிவிடும். இதே பொருளில் ஒரு கேள்வி:

உண்ணிச்செடியை அகற்றிய இடத்தில் புல் திரும்ப வருவது, அகற்றிய முறையைப் பொறுத்ததா, அகற்றிய பிறகு அங்கே எவ்வளவு மேய்ச்சல் நடக்கிறது என்பதைப் பொறுத்ததா?

இந்த ஒரு வரியிலேயே இரண்டு துறைகள் வந்துவிட்டன. புல் திரும்புவதைச் சூழலியல் அளக்கும். யாருடைய மாடு, எந்த மாதத்தில், எதற்காக அங்கே போகிறது என்பதைச் சமூக ஆய்வு சொல்லும். இரண்டாவது இல்லாமல் முதலாவதற்கு விடை கிடைக்காது. அதுதான் சோதனை. ஒரு துறையின் தரவை முழுக்க நீக்கிவிட்டுப் பாருங்கள். கேள்விக்கு அப்போதும் விடை சொல்ல முடிகிறது என்றால் அந்தத் துறை வெறும் அலங்காரம்.

இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. பதில் இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம் என்ற நிலை இருக்க வேண்டும். எந்தப் பதில் வருகிறதோ அதற்கேற்ப வனச்சரகரோ கிராம சபையோ வேறு மாதிரி முடிவெடுக்க வேண்டும். இங்கே அது பொருந்துகிறது: முறைதான் காரணம் என்றால் கூலி ஆட்களின் பயிற்சிக்குச் செலவிட வேண்டும், மேய்ச்சல்தான் காரணம் என்றால் முதல் இரண்டு மழைக்காலத்துக்கு மேய்ச்சலைத் தள்ளிவைக்க ஊரோடு பேச வேண்டும்.

பரிணாமக் கேள்வியை எங்கே வைப்பது? முதுமலையின் மேற்குப் பகுதியில் ஆண்டு மழை 1,500 மி.மீ.க்கு மேல், கிழக்கே சீகூர்ப் பக்கம் அதில் பாதியளவுதான். ஒரே செடி இரண்டு இடத்திலும் செழிக்கிறது. அது அந்தந்த இடத்து நிலைமைக்கேற்ப வளைந்துகொடுப்பதா, மரபிலேயே பிரிந்துவிட்டதா என்பதை அறிய இரண்டு முனையிலிருந்தும் விதை எடுத்து ஒரே நாற்றங்காலில், ஒரே மண்ணில், ஒரே நீரில் வளர்த்துப் பார்க்க வேண்டும். வேறுபாடு நாற்றங்காலிலும் நீடித்தால் மரபின் பங்கை நம்பலாம். தாய்ச்செடியின் ஊட்டம் விதையிலேயே கொஞ்சம் வந்துவிடும் என்பதால் ஒரு தலைமுறை வளர்த்து, அதன் விதையிலிருந்து இரண்டாம் தலைமுறையை அளப்பதே உறுதியான வழி. முனைவர் பட்டக் காலத்துக்குள் அது கடினம். எனவே இதைத் தனி அத்தியாயமாக, முதல் தலைமுறையோடு, அதன் குறையைச் சொல்லியே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு துறையிலும் ஆழம் போக யாராலும் முடியாது. ஒன்றில் தேர்ச்சி, இன்னொன்றில் அந்தத் துறையின் இதழில் கட்டுரை போடும் அளவுக்குப் பழக்கம், மீதி இரண்டுக்கும் ஆலோசனைக் குழுவில் ஆள். இதுவே நடைமுறைக்கு ஒத்த அளவு.

அளக்கும் அலகு

அதிகமாக யோசிக்க வேண்டிய இடம் இது. தாவர ஆய்வாளர் இயல்பாகவே 10 மீட்டர் சதுரத்தில் யோசிப்பார். சமூக ஆய்வாளர் வீட்டைக் கணக்கெடுப்பார். சதுரத்துக்கு வீடு கிடையாது, வீட்டுக்குச் சதுரம் கிடையாது. இப்படியே களத்துக்குப் போனால் 200 சதுரங்களும் 150 வீடுகளும் கையில் இருக்கும், ஒன்றோடொன்று பேசாது.

இரண்டும் சந்திக்கும் அலகு ஒன்று வேண்டும். நம் கேள்விக்கு அது "அகற்றிய ஒரு காட்டுத்துண்டும், அதில் மேய்க்கும் ஊரும்". அகற்றிய 10 துண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 500 மீட்டர் தொலைவில், அதே மழை, அதே சரிவு, அதே மண் உள்ள, அகற்றாத துண்டு ஒன்றை இணையாக எடுங்கள். துண்டுக்கு 5 சதுரம் என்றால் மொத்தம் 100 சதுரம். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் எந்த ஊர் மாடு வருகிறது என்று மேய்ப்பவர்களோடு நடந்தே தெரிந்துகொண்டு, அந்த ஊர்களில் மட்டும் வீட்டுக் கணக்கெடுங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் சாணக் குவியல்களை எண்ணுங்கள். மேய்ச்சல் எவ்வளவு என்று ஊரில் சொல்வதும், சாணம் சொல்வதும் ஒரே அட்டவணையின் இரண்டு பத்திகளாகிவிடும். அவை முரண்பட்டால் அந்த முரண்பாடே ஒரு கண்டுபிடிப்பு.

இங்கே நடக்கும் பெரிய தவறு: ஒரே அகற்றிய துண்டுக்குள் 50 சதுரம் போட்டு, மாதிரி எண்ணிக்கை 50 என்று எழுதுவது. அந்தத் துண்டில் முன்பு தீப்பிடித்திருக்கலாம், ஓடை அருகில் இருக்கலாம். 50 சதுரமும் அதே கதையைத்தான் திரும்பச் சொல்லும். அகற்றுதல் என்ற செயல் ஒரு தடவைதான் நடந்திருக்கிறது, ஆகவே மாதிரி எண்ணிக்கை 1. மேலே சொன்ன அமைப்பில் அது 10 இணை, 100 இல்லை. புள்ளியியல் மாதிரியில் துண்டைச் சமவாய்ப்பு விளைவாக (அதாவது, ஒரே துண்டின் சதுரங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்து) வைத்தால் இந்தக் கணக்கு சரியாகும்.

10 இணை போதுமா? எதிர்பார்க்கும் வேறுபாடு தரவின் திட்ட விலக்கத்துக்கு (தரவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு) சமம் என்றால், தனித்தனி இரு குழுக்களை ஒப்பிட, 5 சதவீத மட்டத்தில் 80 சதவீதத் திறன் (இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) பெற, குழுவுக்கு 17 வேண்டும். வேறுபாடு அதில் பாதியாக இருந்தால் 64 வேண்டும். இணையாக எடுப்பதன் நன்மை, இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டைக் கழித்துவிடுவதுதான், அதனால் எண்ணிக்கை குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பது முன்னோட்டத் தரவில்தான் தெரியும். எனவே முதல் ஆண்டிலேயே மூன்று நான்கு இணைகளையாவது அளந்துவிடுங்கள்.

எங்கே சேர்வது

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையம் சூழலியலிலும் பரிணாமத்திலும் ஆழமானது. முதுமலையில் 1988இலிருந்து மரங்களை அளந்துவரும் 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுப் பரப்பு அதனுடையது. அதே நகரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) நடத்தும் காட்டுயிர் உயிரியல் மற்றும் பாதுகாப்பு எம்.எஸ்சி. இரண்டாண்டுக்கு ஒருமுறை மட்டுமே மாணவர்களைச் சேர்க்கிறது, இடங்கள் மிகக் குறைவு. சமூக அறிவியலும் சூழலியலும் சம எடையில் வேண்டுமென்றால் பெங்களூரில் உள்ள, சூழலியலுக்கும் சுற்றுச்சூழலுக்குமான அசோகா ஆய்வு அறக்கட்டளையின் (ஏட்ரீ) பிஎச்.டி. பொருத்தமானது. டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனம் இருக்கிறது. கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி மையம் இப்போது அதோடு இணைந்துவிட்டது. முதுகலைக்கு மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசு கலைக் கல்லூரியும் காட்டுயிர் உயிரியல் நடத்துகின்றன. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறை உண்டு. கடல் பக்கம் போகிறவர்களுக்குப் பரங்கிப்பேட்டையின் கடல் உயிரியல் மையம், வனவியலுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி.

நுழைவுத் தேர்வுகளில் கேட் தேர்வின் சூழலியலும் பரிணாமமும் தாள் இந்தப் படிப்புக்கு நேராகப் பொருந்துவது. 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண், அதில் 15 பொதுத்திறன். எண்ணாக விடை எழுதும் கேள்விகளுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அவற்றை விட்டுவிடக் கூடாது. கணிதமும் புள்ளியியலும் உயிரியல் மாணவர்கள் தவறவிடும் பகுதி. மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிர் அறிவியல் பாடத்திட்டத்தில் 13 அலகுகள். சூழலியல், பரிணாமமும் நடத்தையும் என இரண்டு அலகுகள் நமக்கு நேரானவை. அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023இல் உயர்த்திய விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. உதவித்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு நெறியாளரைத் தேடுவது எளிது. நெறியாளரின் திட்டப் பணத்தை நம்பிச் சேர்ந்தால் கேள்வியும் பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் டேவிஸில் இருப்பதுபோலப் பல துறைப் பேராசிரியர்கள் சேர்ந்து நடத்தும் சூழலியல் பட்டக் குழுக்கள் உண்டு. பெரும்பாலும் டிசம்பரில் விண்ணப்பம் முடியும். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பேராசிரியருக்கு எழுதிவிட வேண்டும்.

எழுதும் மின்னஞ்சல் 200 சொல்லைத் தாண்டக் கூடாது. முதல் பத்தியில் உங்கள் கேள்வி. இரண்டாவதில் அவருடைய கட்டுரை ஒன்றில் விடை கிடைக்காமல் நிற்கும் ஓர் இடம், உங்கள் கேள்வி அதைத் தொடும் விதம். மூன்றாவதில் உங்கள் கைக்குத் தெரிந்த வேலை: தாவர அடையாளம், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள், காட்டுநாயக்கர் மொழி, எதுவானாலும். "உங்கள் ஆய்வுகள் என்னைக் கவர்ந்தன" என்று தொடங்கும் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் போகின்றன.

நெறியாளரைவிட ஆலோசனைக் குழுவே இந்த வகை ஆய்வைக் காப்பாற்றுவது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி ஒவ்வொரு பருவத்திலும் அந்தக் குழுவின் முன் நிற்க வேண்டும். சமூக அறிவியலாளர் ஒருவரை முதல் கூட்டத்திலேயே உள்ளே கொண்டுவாருங்கள். மூன்றாம் ஆண்டில் வந்தால் அவரால் உங்கள் கேள்வித்தாளைக் குறைசொல்ல மட்டுமே முடியும். முதல் கூட்டத்தில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: 25 நீண்ட பேட்டிகள் போதுமான தரவா, இல்லையா? இதைப் பேசாமல் விட்டால் முடிவில் ஒருவர் "மாதிரி சிறியது" என்பார், இன்னொருவர் "கணக்கெடுப்பு மேலோட்டமானது" என்பார்.

அனுமதி

சரணாலயத்துக்குள் ஆய்வுக்கு நுழைய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். செடியை வெட்டுவதும் மாதிரி எடுப்பதும் 29ஆம் பிரிவுக்குள் வரும். விலங்கைப் பிடிப்பதாக இருந்தால் 12ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் சேரும். இலை மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தை முன்கூட்டியே அணுகுங்கள்.

விண்ணப்பம் திரும்பி வரக் காரணம் பெரும்பாலும் அதில் உள்ள தெளிவின்மைதான். "தாவர மாதிரிகள் சேகரிக்கப்படும்" என்று எழுதாதீர்கள். "ஒரு துண்டில் 20 உண்ணிச்செடிகளிலிருந்து செடிக்கு 3 இலை, 50 விதை" என்று எழுதுங்கள். வரைபடம், கள உதவியாளர்களின் பெயர், வண்டி எண், இரவு வேலை உண்டா இல்லையா, நிறுவனத் தலைவரின் கடிதம் எல்லாம் ஒரே கட்டாகப் போகட்டும். ஆறு மாதம் ஒதுக்கிவையுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம்; உள்ளே போகத் தடை வரலாம். அந்த மாதங்களில் முக்கியமான அளவை எதையும் வைக்காதீர்கள், ஊர் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

மக்களிடம் கேட்பதற்கும் நிறுவனத்தின் அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மேய்ச்சலும் விறகும் சில இடங்களில் சட்டச் சிக்கல் உள்ள பேச்சு. இருளரோ, காட்டுநாயக்கரோ, பெட்டக்குறும்பரோ உங்களை நம்பிச் சொன்ன இடம், நாளை ஒரு வழக்கில் ஆதாரமாகிவிடக் கூடாது. பெயரையும் வீட்டு எண்ணையும் தரவுக் கோப்பில் வைக்காதீர்கள், குறியீடு போதும். குறியீட்டுப் பட்டியல் தனித்தாளில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். மேய்ச்சல் பாதையின் ஜி.பி.எஸ். கோடு எந்த வெளியீட்டிலும் வரக் கூடாது. வனத்துறை ஜீப்பில் ஊருக்குள் போய் இறங்குவதையும் தவிருங்கள். அன்றிலிருந்து வரும் பதில்கள் வனத்துறைக்குச் சொல்லும் பதில்களாகிவிடும். வன உரிமைச் சட்டம் 2006இன்படி உரிமை பெற்ற கிராம சபை இருந்தால் அங்கே முதலில் பேசி, ஆய்வு எதற்கு, என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள். "உங்களுக்கு நல்லது நடக்கும்" என்ற வாக்குறுதி வேண்டாம்.

முதல் பருவக் களவேலை

சதுரம் போடுவது எளிது போலத் தெரியும், ஆனால் உண்ணிப்புதருக்குள் கோணல்மாணலாகிவிடும். 10 மீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்கு மூலைவிட்டம் 14.14 மீட்டர் வர வேண்டும். அதை அளந்து சரிபார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். நைலான் கயிறு இழுத்தால் நீளும். கண்ணாடியிழை நாடா வாங்குங்கள். மரங்களை 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுங்கள். புதரை 5 மீட்டர் சதுரத்திலும் புல்லை 1 மீட்டர் சதுரத்திலும் அளங்கள். மரநிழலில் கைபேசி ஜி.பி.எஸ். 5 முதல் 10 மீட்டர் பிசகும். அதை மட்டும் நம்பினால் அடுத்த ஆண்டு அதே சதுரத்துக்குத் திரும்ப முடியாது. வர்ணமடித்த கல்லும், ஒரு மூலையிலிருந்து ஒரே திசையில் எடுத்த படமும் துணை.

உண்ணித்தண்டுகளை எண்ண முயலாதீர்கள், எது எந்தத் தூரைச் சேர்ந்தது என்று பிரிக்க முடியாது. 10 மீட்டர் நாடாவை விரித்து, அதன்மேல் புதர் மூடும் நீளத்தைக் கூட்டுங்கள். 0.8 முதல் 2.3 வரையும், 4.1 முதல் 7.6 வரையும் புதர் என்றால் 1.5 + 3.5 = 5 மீட்டர், மூடல் 50 சதவீதம். புல்லின் எடையை அறிய, அதை 50 செ.மீ. சதுரத்தில் தரையோடு வெட்டி, 60 முதல் 70 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்தி எடை போடுங்கள். காகிதப் பையில் எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் நின்று பூஞ்சை பிடித்தால் எடை பொய்யாகும்.

அகற்றும் முறையில் கவனிக்க வேண்டியது வேரின் ஆழம். தரைமட்டத்தில் வெட்டினால் தூர்ப்பகுதி மீண்டும் தளிர்க்கும். மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாக வைத்துவிட்டால் தளிர்ப்பது மிகவும் குறையும். ஆனால் மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழையில் முளைக்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டு நாற்றுகளைப் பிடுங்காத இடத்தை "அகற்றிய இடம்" என்று ஒரே வகையில் அடைத்தால் தரவு குழம்பும். தொடர்பிடுங்கல் நடந்ததா என்பதற்குத் தனிப் பத்தி வையுங்கள்.

மேய்ச்சலைத் தடுத்துப் பார்க்க வேலி போட்டால் யானை மிதித்துப்போகும். ஒரு பெரிய வேலியைவிட ஒன்றரை மீட்டர் சதுரக் கம்பிவலைக் கூண்டுகள் பல வைப்பது நல்லது. சில போனாலும் மீதி நிற்கும்.

காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகே கிளம்புங்கள். ஊர்க்காரரான கள உதவியாளர் "இன்று வேண்டாம்" என்றால் அன்று வேலை இல்லை. அதில் விவாதமே கூடாது. செலவுத் திட்டத்தில் அவருடைய கூலியும் விபத்துக் காப்பீடும் முதல் வரியாக இருக்கட்டும். டிசம்பர் முதல் மே வரை, இரத்தம் உறிஞ்சும் உண்ணிகளின் (செடி இல்லை, சிற்றுயிர்) கடி அதிகம். நீலகிரி, பந்திப்பூர், வயநாடு வட்டாரத்தில் குரங்குக் காய்ச்சல் அதன்மூலம் பரவக்கூடியது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, விரட்டித் தைலம் பூசி, திரும்பியதும் உடலைப் பாருங்கள். செத்த குரங்கைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டுக்குப் போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அன்றைய தரவை அன்று மாலையே கணினியில் ஏற்றுங்கள். 0 என்றால் தேடினோம், இல்லை. வெற்றிடம் என்றால் தேடவில்லை. இரண்டையும் கலந்த கோப்பை மூன்றாண்டு கழித்து யாராலும் திருத்த முடியாது. தாளைப் படமெடுத்து இன்னோர் இடத்திலும் சேமியுங்கள்.

முடிவுகளை எப்போது கொடுப்பது

ஆய்வேடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் ஆண்டு அளவை முடிந்ததும் ஊரில் ஒரு மாலை, பெரிய தாளில் வரைந்த வரைபடத்தோடு உட்காருங்கள். எந்தத் துண்டில் எந்த ஆண்டு தீப்பிடித்தது, எங்கே முன்பு புல் இருந்தது என்று அங்கேதான் திருத்துவார்கள். அந்தத் திருத்தம் இரண்டாம் ஆண்டு மாதிரியை மாற்றும். வனத்துறைக்கு இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு போதும்: எந்த முறை, எத்தனை துண்டு, என்ன வேறுபாடு, அடுத்த மழைக்கு முன் என்ன செய்யலாம். அகற்றும் வேலைக்கான அடுத்த ஆண்டுத் திட்டம் தயாராகும் மாதம் எது என்று சரக அலுவலகத்தில் கேட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.